காணாமற்போனவர்க்கு ஒரு கல்லறை

நவம்பர் 2-ஆம் தேதி நம் பங்கின் கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். முதல் நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் மங்கிப்போன எழுத்துக்கு மறுபடி மை தீட்டி வைத்திருப்பார்கள். மாலையானதும் பூவும் மெழுகுதிரியும் ஊதுவத்தியுமாகக் குடும்பங்கள் வந்து சேரும். குருவானவர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். தாத்தாவின் கல்லறை எது, பிறந்த சில நாளிலேயே இறந்த அத்தையின் கல்லறை எது என்று பெரியவர்கள் சிறு பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். அங்கே அழுகை இருக்கும். ஆனால் அந்த அழுகைக்கு ஓர் இடமும் இருக்கும்.

அப்படி ஓர் இடமே இல்லாத குடும்பத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காலையில் வேலைக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. இறந்தார் என்று சொல்வாரும் இல்லை. இருக்கிறார் என்று சொல்வாரும் இல்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதா, அல்லது அவர் வருகைக்காக வாசற்கதவைத் திறந்து வைப்பதா? ஓராண்டு, ஈராண்டு அல்ல. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்த குடும்பங்கள் இரண்டாயிரம் உண்டு, ஒரு சிறு தீவிலே. அந்தத் தீவின் பெயர் சைப்ரஸ். இறந்தவர்களை அடக்கம் செய்வது எத்துணை அரிய காரியம் என்பதையும், அடக்கம் செய்த பின்னும் மனத்தில் அடங்காமல் நிற்பது எது என்பதையும் அத்தீவின் கதை நமக்குச் சொல்கிறது.

பர்னபாவின் தீவு

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில், துருக்கிக்குத் தெற்கே அமைந்த தீவு சைப்ரஸ். பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். விவிலியம் வாசிக்கும் நமக்கு அது புதிய பெயரன்று. புனித பவுலின் தோழரான புனித பர்னபா அத்தீவில் பிறந்தவர். அவ்விருவரும் தங்கள் முதல் நற்செய்திப் பயணத்தில் சலமி நகரில் இறங்கி, தீவைக் கடந்து பாப்போ வரை நடந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம்.

அங்கே கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும், துருக்கி மொழி பேசும் முஸ்லிம்களும் நானூறு ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட அருகருகே வாழ்ந்து வந்தனர். ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்கர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் துருக்கியர். மரோனைட் கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் சிறு தொகையினராக உண்டு. பல ஊர்களில் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே தெருவில் கேட்டன.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் சைப்ரஸ் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. கிரேக்கரில் பெரும்பாலோர் கிரீஸ் நாட்டோடு இணைய விரும்பினர். துருக்கியரோ, அப்படி இணைந்தால் நம் கதி என்னவாகும் என்று அஞ்சித் தீவைப் பிரிக்க வேண்டுமென்றனர். மூன்றே ஆண்டுகளில், 1963-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், தலைநகர் நிக்கோசியாவில் கலவரம் மூண்டது. ஆங்கிலேயத் தளபதி ஒருவர் நகரின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு இரு தரப்பாரையும் பிரித்தார். அன்று முதல் அதற்குப் பச்சைக் கோடு என்றே பெயர்.

1964-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை அங்கே சென்றது. நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அப்படையின் முதல் தளபதி இந்தியரான ஜெனரல் ஞானி. அவருக்குப் பின் வந்தவர் குடகு நாட்டு ஜெனரல் திம்மையா. இளமையில் நம் நீலகிரியில், குன்னூர் புனித ஜோசப் பள்ளியில் படித்தவர். 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் அவர் பணியிலிருக்கும்போதே நிக்கோசியாவில் காலமானார். அவருடைய உடலைத் தாயகம் கொண்டுவந்து பெங்களூரில் அடக்கம் செய்தார்கள். சைப்ரஸ் அரசு அவர் நினைவாக 1966-இல் தபால்தலை வெளியிட்டது. அந்நிய மண்ணில் இறந்தவரையும் சொந்த மண்ணுக்குக் கொண்டு சேர்த்த அதே காலத்தில், அத்தீவின் மக்கள் பலர் சொந்த மண்ணிலேயே அடையாளமின்றிப் புதைக்கப்பட்டுக் கிடந்தனர் என்பது எவ்வளவு வேதனையானது!

காணாமற்போன இரண்டாயிரம் பேர்

1963, 1964-ஆம் ஆண்டுகளில் காணாமற்போனவர்களில் பெரும்பாலோர் துருக்கிய இனத்தார். சாலையில் வழிமறித்தும், வேலை செய்யும் இடத்திலிருந்தும் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. கிரேக்கரிலும் சிலர் அவ்வாறே மறைந்தனர்.

1974-ஆம் ஆண்டு பேரிடி வந்தது. ஜூலை 15-ஆம் நாள் கிரீஸ் நாட்டு இராணுவ ஆட்சியாளரின் தூண்டுதலால், குடியரசுத் தலைவராயிருந்த பேராயர் மக்காரியோஸ் பதவியிலிருந்து விரட்டப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 20-இல், துருக்கிப் படை வடகரையில் இறங்கியது. ஆகஸ்டு மாத நடுவில் அது மேலும் முன்னேறித் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலத்தைப் பிடித்துக்கொண்டது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் வீடுவாசலை விட்டுத் தெற்கே ஓடினர். துருக்கியர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வடக்கே போய்ச் சேர்ந்தனர்.

அந்த வாரங்களில் இரு தரப்பிலும் நடந்த கொடுமைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தரப்பை மட்டும் சொல்லவும் கூடாது. ஆகஸ்ட் 14-ஆம் நாள் மராத்தா, சந்தலாரிஸ், அலோதா என்னும் மூன்று சிற்றூர்களில் துருக்கிய இனத்தார் 126 பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அதே நாளில் தோக்னி ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் துருக்கிய ஆடவர் எண்பதுக்கும் மேற்பட்டோர் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர். அவர்களுடைய மனைவிமார் வடக்கே ஒரு மலையடிவார ஊரில் குடியேறினர். அது விதவைகளின் ஊர் என்றே பேசப்பட்டது. மறுபக்கம், அசியா என்னும் ஊரில் துருக்கிப் படையினர் பிடித்துச் சென்ற கிரேக்க ஆடவர் பலர் மீளவேயில்லை. கைகளைத் தலைக்குப் பின் வைத்துச் சரணடைந்த ஐந்து கிரேக்கச் சிப்பாய்களின் புகைப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. படத்தில் உயிரோடிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? 35 ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை. 2009-ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய எலும்புகள் ஒரு கிணற்றிலிருந்து கிடைத்து அடையாளம் காணப்பட்டன.

இரு சமூகத்தாரும் ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ளவர்கள் 2,002 பேர். கிரேக்கர் 1,510, துருக்கியர் 492.

இரு வகைக் காத்திருப்பு

துன்பம் ஒன்றாயினும், இரு பக்கத்தாரும் காத்திருந்த விதம் வேறு. துருக்கியக் குடும்பங்களுக்கு அவர்களுடைய தலைவர்கள், "உங்கள் உறவினர் இறந்துவிட்டார்கள், அவர்கள் தியாகிகள்" என்று சொல்லிவிட்டார்கள். அழ அனுமதி இருந்தது. ஆனால் அடக்கம் செய்ய உடல் இல்லை. கிரேக்கக் குடும்பங்களுக்கோ, "அவர்கள் எங்காவது சிறையில் உயிரோடிருக்கலாம்" என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது. ஆகவே அவர்களால் முழுமையாக அழவும் முடியவில்லை. கறுப்பு உடுத்திய தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளையின் படத்தையோ கணவரின் படத்தையோ மார்போடு பிடித்தபடி எல்லைச் சாவடியருகே நின்றார்கள். இளமையிலே பிரிந்த மனைவி, தான் சுமங்கலியா, கைம்பெண்ணா என்பதறியாமலே மூப்படைந்தாள்.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். மறைத்தவர்கள் எதிர்த்தரப்பார் மட்டுமல்லர். நிக்கோசியா அருகே லக்கத்தாமியா என்னுமிடத்தில் ஓர் இராணுவக் கல்லறை உண்டு. 1974-ஆம் ஆண்டுப் போரின் அவசரத்தில் பெயரெழுதாமல் புதைக்கப்பட்ட கிரேக்கர் பலர் அங்கே கிடந்தனர். 1998-ஆம் ஆண்டு இரண்டு பெண்கள், தங்கள் கணவன்மார் அங்கேதான் கிடக்கிறார்கள் என்று நம்பி, கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கையாலேயே தோண்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அரசே வெளிநாட்டு நிபுணர்களை வரவழைத்து முறைப்படி தோண்டச் செய்தது. காணாமற்போனோர் பட்டியலில் இருந்தவர்கள் சிலர், தங்கள் சொந்த ஊராரின் கல்லறையிலேயே, தேடிய குடும்பத்துக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்தது தெரியவந்தது. "எதிரிதான் மறைத்தான்" என்று சொல்லிக்கொண்டே நம் வீட்டு அறையைத் திறந்து பாராமலிருப்பது மனித இயல்பு போலும்.

ஒருவர் கல்லறை, மற்றவர் கையில்

1981-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் ஆதரவில் காணாமற்போனோர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் மூவர்: கிரேக்கர் ஒருவர், துருக்கியர் ஒருவர், செஞ்சிலுவைச் சங்கம் தேர்ந்து ஐ.நா. பொதுச் செயலர் நியமிக்கும் அயல்நாட்டார் ஒருவர். மூவரும் ஒத்துக்கொண்டாலன்றி ஒன்றும் நடவாது. எனவே பல ஆண்டுகள் கூட்டங்களிலும் கோப்புகளிலுமே கழிந்தன. 1997-இல் இரு தலைவர்களும் புதைகுழிகளைப் பற்றிய செய்திகளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டனர். ஆயினும் தோண்டும் பணி முறையாகத் தொடங்கியது 2006-ஆம் ஆண்டில்தான்.

இடையில் நடந்த ஒரு நிகழ்ச்சி பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், ஏறக்குறைய முப்பதாண்டு மூடிக்கிடந்த எல்லைச் சாவடி திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பச்சைக் கோட்டைக் கடந்து தங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போனார்கள். பழைய அயலாரைச் சந்தித்தார்கள். காப்பிக் கோப்பையின் முன் அமர்ந்து பேசும்போது, "உங்கள் சித்தப்பா அந்த ஆலிவ் தோப்பில் கிடக்கிறார்" என்பது போன்ற வார்த்தைகள் மெல்ல வெளிவரலாயின.

இதுதான் இக்கதையின் நடுநாயகம். கிரேக்கர் ஒருவரின் எலும்பு எங்கே கிடக்கிறது என்பது பெரும்பாலும் துருக்கியர் ஒருவருக்குத்தான் தெரியும். துருக்கியர் ஒருவரின் எலும்பு எங்கே என்பது கிரேக்கர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒருவருடைய கல்லறையின் சாவி மற்றவருடைய கையில் இருக்கிறது. அவர் மனமிரங்கிச் சொன்னாலன்றி இவர் அழுது முடிக்க இயலாது.

சொல்வது எளிதன்று. சொன்னால், "உனக்கெப்படித் தெரியும்?" என்ற கேள்வி எழும். பார்த்தவன் அவனாயிருக்கலாம், குழி வெட்டியவன் அவன் தந்தையாயிருக்கலாம், சுட்டவன் அவன் அண்ணனாயிருக்கலாம். அயலார் அவனைத் துரோகி என்பார்கள். ஆகவே குழுவினர், சொல்பவரின் பெயரை வெளியிடுவதில்லை என்று உறுதி கொடுத்தனர். செவ்குல் உலுதா என்னும் துருக்கிய இனப் பெண் பத்திரிகையாளர், காணாமற்போன இரு தரப்பாரைப் பற்றியும் இரு சமூகத்தாரின் பத்திரிகைகளிலும் எழுதினார். வாசகர்கள் பெயர் சொல்லாமல் அவருக்குத் தகவல் தந்தார்கள். மிரட்டல்கள் வந்தும் அவர் பின்வாங்கவில்லை. 2008-ஆம் ஆண்டு அவருக்குப் பத்திரிகைத் துறைப் பெண்களின் வீரத்துக்கான பன்னாட்டு விருது கிடைத்தது.

மண்ணிலிருந்து மடிக்கு

தகவல் கிடைத்தபின் நடப்பதை நம் அறிவியல் மாணவியர் அறிந்துகொள்வது நன்று.

முதலில் தோண்டும் குழு செல்கிறது. அதில் கிரேக்க இளைஞரும் துருக்கிய இளைஞரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். தீவின் எந்தப் பக்கத்தில் தோண்டினாலும் இரு இனத்தாரும் உடனிருப்பார்கள். ஒருவர் கண்டெடுத்ததை மற்றவர் ஐயுறக் கூடாதல்லவா? அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அர்ஜென்டினா நாட்டு நிபுணர்கள்; தங்கள் நாட்டில் இராணுவ ஆட்சியில் மறைந்தவர்களைத் தேடித் தேர்ந்தவர்கள். இயந்திரம் மேல்மண்ணை அகற்றும். எலும்பு தென்பட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிறு கரண்டியும் தூரிகையும் கொண்டு மண்ணைத் தள்ளுவார்கள். வயல்கள், தோப்புகள், பாழுங்கிணறுகள் எல்லாம் அவ்வாறே ஆராயப்படுகின்றன.

அடுத்து எலும்புகள், நிக்கோசியாவின் பழைய விமான நிலையப் பகுதியில், ஐ.நா. பாதுகாப்பிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் செல்கின்றன. வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். அவற்றைக் கழுவி, உலர்த்தி, நீண்ட மேசையில் தலை முதல் கால் வரை உடலின் ஒழுங்கில் பரப்புவார்கள். இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்றும், பற்களையும் எலும்பு முனைகளின் வளர்ச்சியையும் கொண்டு வயதென்ன என்றும், தொடையெலும்பின் நீளத்தைக் கொண்டு உயரமென்ன என்றும் கணிக்கிறார்கள். சிறு வயதில் முறிந்து கூடிய கையெலும்பும் ஒரு சாட்சிதான்.

மூன்றாவது மரபணுச் சோதனை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் நமக்கு வந்த அடையாளம் நம் எலும்பிலும் பல்லிலும் பதிந்திருக்கிறது; பல ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் அது முற்றும் அழிவதில்லை. அதை உறவினரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, இவர் இன்னாருடைய மகன், இன்னாருடைய தந்தை என்று முடிவு செய்கிறார்கள். தாய் தந்தையர் முதுமையடைந்து இறந்துபோவதால் உறவினரின் இரத்த மாதிரிகளை முன்னதாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். மகன் கிடைக்குமுன் தாய் போய்விட்டாலும், அவள் விட்டுச்சென்ற ஒரு துளி இரத்தம் அவனை வீட்டுக்கு அழைத்து வருகிறது.

கடைசியாகக் குடும்பத்தாரை அழைக்கிறார்கள். விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் பொறுமையாய் விளக்குகிறார்கள். உடன் கிடைத்த கடிகாரமோ மோதிரமோ இருந்தால் அதுவும் கொடுக்கப்படும். சில நேரம் முழு உடல் கிடைப்பதில்லை. ஒரு சில எலும்புகளே கிடைக்கும். அவற்றை அடக்கம் செய்வதா, மீதிக்குக் காத்திருப்பதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். இளைஞனாய்ப் போன கணவனின் எலும்புகளைத் தலைநரைத்த மனைவி தடவிப் பார்க்கிறாள். தந்தை இறந்தபோது இருந்த வயதைப் போல இரு மடங்கு வயதான மகன், சிறு பெட்டியில் தந்தையைச் சுமந்து செல்கிறான். கிரேக்கர் தங்கள் கோயிலிலும் துருக்கியர் தங்கள் முறைப்படியும் அடக்கம் செய்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதன்முறையாக எலும்புகள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு தங்கள் குடும்பத்தை அடைந்துள்ளனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் கிடைக்கவில்லை.

சொல்லப்படாத பாதி

இத்தனை அடக்கங்கள் நடந்தபின் அத்தீவில் பகை தீர்ந்திருக்க வேண்டுமே என்று நமக்குத் தோன்றும். தீரவில்லை. ஏன் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

காணாமற்போனோர் குழு ஒரு நிபந்தனையின்மேல் இயங்குகிறது. இறந்தவர் யார் என்று அது சொல்லும். எப்படி இறந்தார், யாரால் இறந்தார் என்று சொல்லாது. மண்டையோட்டில் துளை இருந்தாலும், அதற்குப் பொறுப்பாளி யார் என்று எழுதாது. அப்படிச் சொல்லத் தொடங்கினால் தெரிந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வாய் திறக்காவிட்டால் எலும்பு கிடைக்காது. எலும்பைப் பெறுவதற்காக உண்மையில் பாதியைக் கைவிட வேண்டியதாயிற்று. இது சரியா, தவறா? "என் அண்ணன் கிடைத்தால் போதும்" என்பாரும் உளர்; "கொன்றவன் என் கண்முன் நடமாடுகிறானே, எனக்கு நீதி எங்கே?" என்பாரும் உளர். இரண்டு குரலும் நியாயமானவையே. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001-ஆம் ஆண்டில், காணாமற்போன கிரேக்கரைப் பற்றித் துருக்கி தக்கபடி விசாரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டில், அவர்களுடைய உறவினர்க்காக மூன்று கோடி யூரோ இழப்பீடு தரவேண்டுமென்றது. பணம் ஒரு தீர்ப்பைக் காட்டும்; துக்கத்தை ஆற்றாது.

அடக்கம்கூடச் சில வேளை பகையை வளர்ப்பதுண்டு. பெட்டியின்மேல் கொடி போர்த்தித் தலைவர்கள் பேசும்போது, தம் இனத்தார் பட்ட பாட்டை மட்டும் பேசினால், கேட்கும் இளைஞர் மனத்தில் பழைய நெருப்பு மறுபடி மூளும். 2004-ஆம் ஆண்டு தீவை ஒன்றாக்கும் ஐ.நா. திட்டத்துக்கு மக்கள் வாக்களித்தபோது துருக்கியரில் நூற்றுக்கு 65 பேர் ஏற்றனர். கிரேக்கரில் நூற்றுக்கு 76 பேர் மறுத்தனர். தீவு இன்றும் இரண்டாகவே இருக்கிறது. 180 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இடைநிலத்தில் ஆளில்லா வீடுகள் இடிந்து நிற்கின்றன. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இலும் அங்கே சென்று ஒப்புரவுக்காக மன்றாடினர்.

காலமும் காத்திருக்கவில்லை. பார்த்தவர்கள் முதுமையால் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். வயல் இருந்த இடத்தில் வீடும் சாலையும் வந்துவிட்டன. சில குழிகளிலிருந்து எலும்புகளை யாரோ முன்பே அள்ளிச் சென்றிருக்கிறார்கள்; அசியா ஊராரைத் தேடிய கிணறுகளில் சிறு எலும்புத் துண்டுகளே எஞ்சியிருந்தன. 2015-இல் துருக்கி இராணுவம் தன் வசமுள்ள 30 இடங்களில் தோண்ட அனுமதித்தது. ஆயினும் இப்போது தோண்டும் இடங்களில் பெரும்பாலானவை வெறுங்குழிகளாகவே முடிகின்றன. தெரிந்ததைச் சொல்லாமல் ஒருவர் இறந்தால், அவரோடு மற்றொருவரும் இரண்டாம் முறை புதைக்கப்படுகிறார்.

ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. காணாமற்போனவர்களின் உறவினர், கிரேக்கரும் துருக்கியருமாகச் சேர்ந்து ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் அடக்கத்துக்கு மற்றவர் போய் நிற்கிறார்கள். மாணவ மாணவியர் முன்னிலையில் இருவர் இருவராக அமர்ந்து, "என் தந்தையை அவர்கள் இனத்தார் கொன்றார்கள், அவருடைய தந்தையை எங்கள் இனத்தார் கொன்றார்கள், நாங்கள் இருவரும் நண்பர்கள்" என்ற பொருள்படச் சொல்கிறார்கள். இவர்களே அதிகம் இழந்தவர்கள். வெறுக்க முதல் உரிமை உள்ளவர்கள். அந்த உரிமையை அவர்கள் வேண்டாமென்று வைத்துவிட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் நாம் படிக்கிறோம். தோபித்து அரசனுக்குத் தெரியாமல், தன் உயிரையும் பொருட்படுத்தாது, தன் இனத்தாரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார். அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் சென்று ஆண்டவரின் உடலைக் கேட்டு வாங்கினார். அந்த உடலை மடியில் ஏந்தும் ஆறுதலாவது நம் வியாகுல அன்னைக்குக் கிடைத்தது. அந்த ஆறுதலும் கிடைக்காத தாய்மார் உலகில் எத்தனையோ பேர். சைப்ரஸில் முகந்தெரியாமல் தகவல் சொன்ன ஒவ்வொருவரும், தம் இனத்தாரை அல்ல, எதிரியின் இனத்தாரை அடக்கம் செய்ய உதவிய தோபித்துகள் எனலாம்.

அன்பு மாணவியரே, நமக்கு அத்துணைப் பெரிய சோதனை வரவில்லை. ஆனால் வகுப்பில் ஒருத்தியின் பொருள் காணாமற்போகிறது. எடுத்தவள் நம் தோழி என்று நமக்குத் தெரியும். வாய் திறவாமல் இருக்கிறோம். நம் ஊரில் இரு தெருவாருக்குள் சண்டை வருகிறது. நம் தெருவார் செய்த பிழையை நாம் விழுங்கிவிட்டு, அவர்கள் செய்ததை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெற்றோரே, பழம்பகையின் கதையில் பாதியை மட்டும் பிள்ளைகளிடம் ஒப்படைக்காதிருப்போம். பாதி உண்மைதான் அவநம்பிக்கைக்கு விதை. "எங்கள் பக்கத்திலும் தவறு நடந்தது, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று ஒருவர் முதலில் சொன்னால், மற்றவரும் சொல்ல வழி பிறக்கும். சைப்ரஸில் ஆயிரம் கல்லறைகள் அப்படித்தான் எழும்பின.

அடுத்த நவம்பரில் நம் வீட்டாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது ஒரு திரி அதிகமாக எடுத்துச் செல்வோம். பெயரெழுதாத ஏதேனும் ஒரு மண்மேட்டின்மேல் அதை ஏற்றி வைப்போம். எங்கோ ஒரு கிணற்றடியில், ஒரு தோப்பின் வேரடியில், இன்னும் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் கிடப்பவர்களுக்காகவும், அவர்கள் இருக்குமிடம் தெரிந்தும் சொல்ல அஞ்சி நிற்பவர்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோம்.